படிப்பகத்து நாலு கம்ப்யூட்டர்கள்

விண்டோஸுக்குப் பதிலாக வேம்புலி லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள் மொத்தம் இருபத்து மூன்று. அவற்றில் பத்தொன்பது திரும்பி வந்துவிட்டன. வாசலில் வந்து நின்று பழையபடி விண்டோஸே போட்டுக் கொடுத்துவிடச் சொல்பவர்களிடம் அவன் காரணம் கேட்பதில்லை. கேட்டால் ஒன்றும் புரியவில்லை என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வைரஸ் கிடையாது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பத்து வருஷப் பழைய மெஷினிலும் ஓடும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

வயது நாற்பத்தொன்று. ஊர் ஆவடி சேக்காடு. தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து ஐ.டி.ஐ. போய் டர்னர் படித்த முதல் ஆள் அவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் காருக்கு உதிரி பாகம் கடையும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். மனைவி பவித்ரா பாடியில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள்.

கம்பெனியில் ஒருமுறை ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டபோது ஒன்றை வேம்புலி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அது எதற்கும் அசையவில்லை. மெஷின் ரிப்பேருக்கு வந்த சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் தன் பையிலிருந்த லினக்ஸ் டி.வி.டி.யைக் கொடுத்து, இதைப் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டான். ஓடியது. அன்று பிடித்த பைத்தியம். இங்கிலீஷில் இருக்கும் இணைய மன்றங்களை ஒவ்வொரு வார்த்தையாக அகராதி பார்த்துப் படித்தான். சி.என்.சி. மெஷினில் புரோகிராமில் ஒரு வரி தப்பினால் டூல் உடையும், யார் தப்பு என்று அந்த நொடியே தெரிந்துவிடும். லினக்ஸும் அவனுக்கு அப்படித்தான் இருந்தது. சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை.

தெருமுனையில் ஒரு படிப்பகம் இருக்கிறது. கீழே நூல்கள், மேலே தகரக் கூரை போட்ட ஒரு ஹால். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் முப்பது பேராவது தினமும் அங்கே வருவார்கள், பாதிக்கு மேல் பெண்கள். பொறுப்பாளர் அனுசுயா. காலையில் மெடிக்கல் ஷாப்பில் பில் போட்டுவிட்டுப் பத்தரைக்குப் படிப்பகத்தைத் திறப்பாள். முப்பத்து நாலு வயது, அவளும் தேர்வு எழுதுகிறவள்தான். அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனி இடம் மாறியபோது கொடுத்த நாலு கம்ப்யூட்டர்கள் மேல் ஹாலில் இருந்தன. நாலிலும் ரெண்டு ஜி.பி. மெமரி, பதினைந்து வருஷப் பழைய ஹார்ட் டிஸ்க்.

போன வருஷம் அந்த நாலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. பழைய விண்டோஸில் பிரவுசர் புதுசாகவில்லை. விண்ணப்பம் போடும் அரசுத் தளத்தைத் திறந்தால், உங்கள் பிரவுசர் பழையது என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டது. புது விண்டோஸை அந்த மெஷின்கள் ஏற்கவே இல்லை. செயலாளர் திருவேங்கடம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், படிப்பகத்தின் மாதக் கூட்டத்தில், இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார். அப்போதுதான் வேம்புலி எழுந்து, ரெண்டு வாரம் டைம் கொடுங்கள், நாலையும் ஓட விடுகிறேன் என்றான். இருபத்து மூன்றில் பத்தொன்பது திரும்பி வந்த கதை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேறு வழி யாரிடமும் இல்லை.

லினக்ஸில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருப்பது ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியும் முகப்பு மட்டும் பத்துப் பதினைந்து வகை. மெனு எங்கே இருக்கும், ஜன்னல் எப்படித் திறக்கும், மூடும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த முகப்பு. டெஸ்க்டாப் என்பார்கள். எது வேண்டுமென்று போடுகிறவன் முடிவு செய்ய வேண்டும். அனுசுயா கேட்டபோது வேம்புலி தன் பேட்டை பாஷையில் விளக்கினான்.

"சேஸிஸ் ஒன்னுதான் அனுசு. அது மேல பஸ் பாடியும் கட்லாம், லாரி பாடியும் கட்லாம், தண்ணி டேங்கரும் தூக்கி வெக்கலாம். வெயிட்டு ஏற ஏற வண்டி இழுக்காது. நம்ம வண்டி கெய்வி வண்டி."

"எங்களுக்கு உக்காந்து போறா மாதிரி ஒன்னு கட்டிக் குடுண்ணா. போதும்" என்றாள் அனுசுயா.

முதலில் க்னோம் என்ற முகப்பைப் போட்டான். எல்லோரும் புகழ்வது, பார்க்க லட்சணமாக இருப்பது. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறக்கும் வரை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தான். ஃபேக்டரியில் ஒரு பீஸ் கடைய எத்தனை செகண்ட் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவன். நாலு நிமிஷம் பத்து செகண்ட். ஒன்றையும் திறப்பதற்கு முன்பே பாதி மெமரி போயிருந்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு பின்னால் யோசித்து யோசித்து வந்தது. ரெண்டு நாளில் அதைப் பிடுங்கினான்.

அடுத்துப் போட்டதுதான் வினை. ஓப்பன்பாக்ஸ் என்று ஒன்று. முழு முகப்பு என்றே அதைச் சொல்ல முடியாது. கீழே பட்டை கிடையாது, ஐகான் கிடையாது, வெறும் கருநீலத் திரை. வலது கிளிக் செய்தால் மெனு வரும். மற்றதெல்லாம் கீபோர்டில் ரெண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தித்தான். வேம்புலி வீட்டில் வருஷக்கணக்காக அதைத்தான் வைத்திருக்கிறான். ஸ்டாப்வாட்ச் ஐம்பத்தைந்து செகண்ட் காட்டியது. நாலு மெஷினும் பிறந்த நாளில்கூட இந்த வேகத்தில் ஓடியிருக்காது. எந்த பட்டனுக்கு என்ன வேலை என்று ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினான். மூன்று நாள் படிப்பகத்துக்கு வந்துபோன எல்லோரிடமும் அந்த ஐம்பத்தைந்து செகண்டைச் சொன்னான். திருவேங்கடம்கூடத் தலையாட்டினார்.

சபீனா பட்டாபிராமில் இருந்து வருகிறவள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயில் பிடித்து வந்து, மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும். ரெண்டு முறை தேர்வு எழுதி, ரெண்டாவது முறை கொஞ்ச மார்க்கில் தவறவிட்டவள். இந்த முறை விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் படிப்பகத்தில் உட்கார்ந்து ஃபார்ம் போட ஆரம்பித்தாள். போட்டோ ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டும், கையெழுத்து இருபது கே.பி.க்குள். சாதிச் சான்றிதழ் எண், பள்ளிச் சான்றிதழ் எண், ஒவ்வொரு பக்கத்துக்கும் போனில் ஒரு ஓ.டி.பி. ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பென்டிரைவில் ஒரு சான்றிதழைப் பார்க்க வேண்டியிருந்ததால், ஃபார்ம் இருந்த ஜன்னலைச் சின்னதாக்கும் பட்டனை அழுத்தினாள். எல்லா கம்ப்யூட்டரிலும் செய்கிற காரியம். கீழே பட்டையில் போய் உட்காரும், திரும்ப கிளிக் செய்தால் எழுந்து வரும்.

இங்கே கீழே பட்டையே இல்லை. ஃபார்ம் இருந்த இடத்தில் கருநீலத் திரை மட்டும் நின்றது.

அவள் பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டாள். அவள் அனுசுயாவைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார்கள். அதில் பதினாறு வரிகள், எல்லாம் இங்கிலீஷ். காணாமல் போன ஜன்னலை எடுப்பது எப்படி என்று தேடத் தெரிந்தால்தானே அந்த வரி கண்ணில் படும். அனுசுயா வேம்புலிக்குப் போன் செய்தாள். அவன் முதல் ஷிப்ட். ஃபேக்டரியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்பது முறை அடித்தாள். அதற்குள் சபீனா பயத்தில் பவர் பட்டனையே அழுத்திவிட்டாள். மெஷின் ஐம்பத்தைந்து செகண்டில் திரும்ப எழுந்தது, ஃபார்ம் எழவில்லை. மறுபடி முதலில் இருந்து போட நேரம் இல்லை, மகளைக் கூப்பிடப் போக வேண்டும்.

மறுநாள், கடைசி நாள், ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்றாள். உள்ளே பத்துப் பேருக்கு ஒரே ஆள் ஃபார்ம் போட்டுக்கொண்டிருந்தான். அவளுடையதையும் போட்டான். வீட்டுக்குப் போய்ப் பிரிண்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தேர்வு மையம் அம்பத்தூர் என்பதற்குப் பதில் கும்மிடிப்பூண்டி என்று விழுந்திருந்தது. காலை ஒன்பது மணித் தேர்வுக்கு, மகளையும் யாரிடமாவது விட்டுவிட்டு, பட்டாபிராமிலிருந்து கும்மிடிப்பூண்டி போய்ச் சேர வேண்டும்.

ஃபார்ம் தொலைந்த அன்றே வேம்புலி ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது ஒன்பது மிஸ்டு காலையும் பார்த்திருந்தான். நேராகப் படிப்பகத்துக்கு வந்தான். என்ன நடந்தது என்று அனுசுயா சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டான். பிறகு அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு ஜன்னலைத் திறந்து, சின்னதாக்கி, ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தித் திரும்பக் கொண்டுவந்து காட்டினான்.

"தோ, வந்துச்சா இல்லையா? அது எங்கியும் போவல. இங்கியேதான் கீது. செவுத்துல எழுதி ஒட்டிக்கீறேன், படிக்கறதுக்குத்தான வராங்க எல்லாரும்."

அனுசுயா சத்தம் போடுகிற ஆள் இல்லை. கேட்லாக் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "மூணு நிமிஷம் மிச்சம் புடிச்சிக் குடுத்தண்ணா. அவளுக்கு ஒரு நாளு பூட்ச்சு. நாளைக்கு அவ ஃபார்ம் போடலன்னா ஒரு வருஷம் பூடும். நீ இன்னும் செவுத்தக் காட்டிக்கினு கீற."

வேம்புலிக்கு முகம் சிவந்துவிட்டது. ஓசியில் வேலை செய்து, பெட்ரோல் போட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போய் கேபிள் வாங்கி வந்து, ரெண்டு வாரம் தூக்கம் கெட்டு, கடைசியில் கிடைத்தது இதுதான். உங்களுக்கு விண்டோஸ்தான் லாயக்கு, திருவேங்கடத்திடம் சொல்லி எடைக்கே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மறுநாள் மையம் மாறிப்போன விஷயம் காதுக்கு வந்தபோது, அது பிரவுசிங் சென்டர்காரன் தப்பு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அப்படிச் சொல்லியும் சோறு இறங்கவில்லை.

எட்டு நாள் அவன் படிப்பகத்துப் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போகும்போதும் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனான். வீட்டில் சாப்பிடும்போது மட்டும் அதே பேச்சு. ஜனங்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொள்ளும் எண்ணமே கிடையாது, சின்னதாக்கினால் காணோமாம், பவர் பட்டனை அழுத்தினாளாம். பவித்ரா ஒருநாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தன் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"என் போன்ல எய்த்து பெருசா வெச்சிக்கினு இருந்தேன். அசிங்கமா கீதுன்னு நீ சின்னது பண்ண. நான் திரும்பப் பெருசு பண்ணேன். திரும்ப நீ சின்னது பண்ண. கண்ணு என்னுதுய்யா. உனக்கு இன்னா வந்துச்சு?"

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். எழுந்துபோய்க் கை கழுவினான். அவள் போனைத் தான் அப்படி ரெண்டு முறை தொட்டது அவனுக்கு ஞாபகமே இல்லை. அது அவனை உறுத்தியது.

அந்த வாரக் கடைசியில், விண்ணப்பத்தில் பிழை திருத்த மூன்று நாள் அவகாசம் என்று அறிவிப்பு வந்தது. திருத்தம் தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள். வேம்புலி படிப்பகத்துக்குப் போனான். அனுசுயா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மேல் ஹால் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

இந்த முறை கே.டி.இ. என்ற முகப்பைப் போட்டான். விண்டோஸ் மாதிரியே இருக்கும், யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று கணக்கு. தனியாக இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பிரவுசரில் மூன்றாவது பக்கத்தைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் விளக்கு நிற்காமல் எரிந்தது, உள்ளே கரகரவென்று அரைத்தது. இந்த ரெண்டு ஜி.பி. மெமரியில் பாதியைப் பிரவுசரே தின்றுவிடும், முகப்புக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் கே.டி.இ. அடங்கவில்லை.

பிறகு எல்.எக்ஸ்.க்யூ.டி. என்று ஒன்று. இலகுவானது, பட்டையும் உண்டு. அதில் தமிழ் தட்டச்சு தகராறு செய்தது. பிரவுசரில் தமிழ் வந்தது, கடிதம் அடிக்கும் புரோகிராமில் வரவில்லை. ரெண்டு மாலை அதற்கே போயின. மன்றங்களில் தேடியபோது அதே சிக்கலை யாரோ ஒருவர் பல வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தார். கீழே அவரே எழுதியிருந்த பதில்: நானே சரிசெய்துகொண்டேன், நன்றி. எப்படிச் சரிசெய்தார் என்று எழுதவில்லை. வேம்புலி அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டிய திட்டு கீழே நூலகம் வரை கேட்டது. படித்துக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். அனுசுயா மேலே வந்தாள். பெண்கள் இருக்கும் இடம், பார்த்துப் பேசுண்ணா என்றாள். மன்னிப்புக் கேட்டான்.

அனுசுயா போகவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதைப் போடலாம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, ஒருநாள் மத்தியானம் இங்கே வந்து எல்லோரும் வேலை செய்வதைப் பார்க்கச் சொன்னாள். ஒரு நிபந்தனை வைத்தாள்: வாயைத் திறக்கக் கூடாது, யார் மவுஸையும் பிடுங்கக் கூடாது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தான். ரெண்டரை மணி நேரம். அவனுக்கு அது மெஷினில் தப்பான டூல் ஓடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது போல இருந்தது. ஒரு கிளிக் போதும் என்ற இடத்தில் எல்லோரும் ரெண்டு கிளிக் செய்தார்கள். ஒரே புரோகிராம் ரெண்டு முறை திறந்தது. எதைத் தேடினாலும் கண் முதலில் இடது பக்கம் கீழ் மூலைக்குப் போயிற்று. எந்த ஃபைலையும் திரையில் கண்ணுக்கு எதிரில்தான் போட்டார்கள், உள்ளே ஃபோல்டரில் வைத்தால் தொலைந்துபோகும் என்ற பயம். மவுஸ் கை தவறிப் பட்டையை இழுத்து ஒருத்தி திரையின் மேல் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டாள், பிறகு அதைத் தொடாமலே பயந்து பயந்து வேலை செய்தாள். கீபோர்டு தமிழில் இருக்கிறதா இங்கிலீஷில் இருக்கிறதா என்று தெரியாமல் நாலு எழுத்து அடித்து, அழித்து, திரும்ப அடித்தார்கள். எல்லோருக்கும் அதிக நேரம் பிடித்த வேலை போட்டோவை ஐம்பது கே.பி.க்குள் கொண்டுவருவது. அதற்கு ஏதோ ஒரு வெப்சைட்டில் போய், விளம்பரத்துக்கு நடுவே எந்த பட்டன் உண்மையான பட்டன் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் மெஷின் எத்தனை செகண்டில் எழுந்தது என்று பார்க்கவில்லை. பவரைப் போட்டுவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள்.

மூன்று முறை வாயைத் திறக்கப் போனான். மூன்று முறையும் அனுசுயா திரும்பிப் பார்த்தாள். பையில் இருந்த, ஃபேக்டரியில் வேலைக் கணக்கு எழுதும் பழைய ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினான்.

கடைசியில் போட்டது எக்ஸ்.எஃப்.சி.இ. லினக்ஸ்காரர்கள் யாரும் அதைப் பற்றி ஆசையாகப் பேசிக் கேட்டதில்லை, வேம்புலியும் பேசியதில்லை. ஸ்டாப்வாட்சில் ஒரு நிமிஷம் இருபத்தைந்து செகண்ட். தமிழ் எல்லா இடத்திலும் வந்தது. பட்டையை மேலிருந்து கீழே இறக்கி, அகலப்படுத்தி, நகராதபடி பூட்டினான். இடது மூலையில் தமிழில் மெனு என்று எழுதினான். திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பட்டையில் பெயரோடு ஒரு பெரிய பொத்தான். வலது மூலையில் தமிழ் என்றால் த, இங்கிலீஷ் என்றால் E. பென்டிரைவ் செருகினால் திரையிலேயே தெரியும். அதோடு அவனாக ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். போட்டோவைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஐம்பது கே.பி.க்குள் சுருக்கித் திரையில் போட்டுவிடும். அதற்கு ஒரு ஐகான், அடியில் போட்டோ சின்னதாக்க என்று பெயர்.

ஜன்னலைச் சின்னதாக்கும் பட்டனையே எடுத்துவிட்டால் என்ன என்று அனுசுயாவிடம் கேட்டான். அப்படியும் செய்ய முடியும்.

"வாணாண்ணா. பட்டன் எங்கயும் ஒன்னுதான். எங்க போச்சுன்னு தெரிஞ்சா போதும், அத்த ஏன் புடுங்குற?" என்றாள்.

எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ரயில்வே கவுன்டரில் இருந்த கம்ப்யூட்டர் மாதிரி இருந்தது திரை. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் இதற்கா என்று பவித்ராவிடம் புலம்பினான். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

திருத்தத்தின் ரெண்டாம் நாள் சபீனா வந்தாள். வேம்புலிக்கு அந்த வாரம் ரெண்டாவது ஷிப்ட், காலையில் ஓய்வு. அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நடந்ததற்கு ஏதாவது சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே மெஷினைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பின் பெஞ்சுக்குப் போனான். அவளும் பழைய பேச்சை எடுக்கவில்லை. உட்கார்ந்ததும் மவுஸை எடுக்காமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

தளம் திறக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. மாநிலம் முழுக்க எல்லோரும் திருத்திக்கொண்டிருந்த நேரம். ஓ.டி.பி. வரவில்லை, மறுபடி கேட்டாள், ரெண்டும் சேர்ந்து வந்தன. மையம் என்ற இடத்துக்கு வந்து நின்றபோது, போட்டோ தெளிவாக இல்லை, வேறு போடவும் என்று சிவப்பில் ஒரு வரி இருப்பது தெரிந்தது. பிரவுசிங் சென்டரில் போட்ட போட்டோ. அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். ஃபார்ம் திரையை அடைத்துக்கொண்டிருந்தது. கை, சின்னதாக்கும் பட்டன் வரை போய் நின்றது. பின் பெஞ்சில் வேம்புலி எட்டிப் பார்த்தான்.

அழுத்தினாள். ஃபார்ம் கீழே இறங்கிப் பட்டையில் பெயரோடு உட்கார்ந்தது. அவள் அதை ஒருமுறை கிளிக் செய்து எழுப்பினாள், மறுபடி இறக்கினாள், திரும்ப எழுப்பினாள். அப்படி மூன்று முறை. பிறகு பென்டிரைவைத் திறந்து, போட்டோவைச் சின்னதாக்கி, ஃபார்மில் ஏற்றினாள். மையத்தை அம்பத்தூர் என்று மாற்றினாள். சேமிக்கப்பட்டது என்று பச்சையில் வந்தது.

பிரிண்ட் எடுக்க வேண்டும். படிப்பகத்துப் பிரிண்டருக்கு லினக்ஸ் ஒத்துவரவில்லை. வேம்புலி அதற்காக மட்டும் மூன்று மத்தியானங்களைக் கொடுத்தும் அது ஒரு பக்கம் அடித்து, அடுத்த பக்கத்தில் கோடு கோடாகத் துப்பியது. அதை அனுசுயாதான் சொல்ல வேண்டியதாயிற்று. சபீனா பென்டிரைவிலேயே எடுத்துக்கொண்டாள், ஜெராக்ஸ் கடையில் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

"முடிஞ்சிச்சு அக்கா. நான் வரேன், ட்ரெயின் பூடும்" என்று அனுசுயாவிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். வேம்புலியைக் கடக்கும்போது, போட்டோ சின்னதாக்குவது நன்றாக இருக்கிறது, தன் நாத்தனார் பையனுக்கும் அது வேண்டும், போனில் வருமா என்று மட்டும் கேட்டாள். வராது என்றான். சரிண்ணா என்று போய்விட்டாள்.

முகப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து முறை போட்டு, நாலு முறை பிடுங்கி, எட்டு நாள் ரோஷப்பட்டு, கடைசியில் பிடிக்காததைக் கட்டிக் கொடுத்தவனுக்கு அது ஒரு ஏமாற்றம்தான். அனுசுயாவிடம் சொன்னான், யாருமே ஒன்றும் சொல்லவில்லையே என்று. ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் இல்லையா என்றாள் அவள். அது அவனுக்குச் சமாதானமாக இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் திருவேங்கடம், பிரிண்டர் ஓட வேண்டும் என்பதற்காக நாலாவது மெஷினில் யாரையோ வைத்துப் பழைய விண்டோஸையே திரும்பப் போட வைத்தார். ஆபீஸ் வேலைக்கு அது வேண்டும் என்றார். வேம்புலி எதிர்த்துப் பேசினான், பாதுகாப்பில்லை என்றான். "நைனா, எனக்கு பேப்பர் வெளிய வர்ணும், அவ்ளோதான்" என்றார் அவர். பிரிண்டர் ஓடியது. ஆக அவன் கணக்கில் இருபதாவது கம்ப்யூட்டரும் கைவிட்டுப் போயிற்று. படிப்பகத்தில் மீதி மூன்றும் நின்றன. அந்த மூன்றின் தலையிலும் அனுசுயா ஒரு சீட்டு ஒட்டினாள்: செட்டிங்ஸை யாரும் மாற்றக் கூடாது. அடியில் பேனாவால் சேர்த்திருந்தாள், வேம்புலி அண்ணனும்தான்.

அவன் இப்போதும் வாரம் ரெண்டு நாள் வருகிறான். பின் பெஞ்சில் உட்காருகிறான். யாராவது தேவையில்லாமல் ரெண்டு கிளிக் செய்தால் இன்னும் அவனுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் சுவேதா என்று புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இது எந்த விண்டோஸ் அண்ணா என்று அவனைக் கேட்டாள். வேம்புலி மூச்சை இழுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பிக்கப் போனான். அனுசுயா நோட்டிலிருந்து தலை தூக்கினாள்.

"ஏதோ ஒன்னும்மா," என்றான் வேம்புலி. "நீ ஃபார்மப் போடு."